பிள்ளையின் மூச்சை யார் எண்ணுவது?

சென்ற மழைக்காலத்தில் ஓர் இரவு, கீழவைப்பாரில் என் சித்தி மகள் கைபேசியை என்னிடம் நீட்டினாள். மடியில் எட்டு மாதக் குழந்தை; காய்ச்சல், சளி. "இதுகிட்டக் கேட்டேண்ணே. பத்து வியாதி சொல்லுது. நான் எதை எடுக்க?" என்றாள். 'மாந்தம்' என்று அவள் தட்டியதைச் செயற்கை நுண்ணறிவு வெறும் அஜீரணமாக வாசித்திருந்தது. பிள்ளையின் நோயைக் கணிக்கப் பெற்றோர் இதை நம்பலாமா என்ற கேள்வி அன்றிலிருந்து என்னோடு இருக்கிறது.

நோயாளியின் வீட்டுக்குப் பண்டிதருக்குப் பதிலாக மனப்பாடத்தை அனுப்புவது இந்தக் கரைக்குப் புதிதல்ல. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், கூப்பிட்ட வீடுகளுக்கெல்லாம் தன்னால் போக முடியாமல், செபம் படித்த சிறுவர்களை அனுப்பியதை 1544ஆம் ஆண்டுக் கடிதத்தில் சொல்கிறார். பின்னால் வந்த அண்ட்ரிக் அடிகளார் புன்னைக்காயலில் மருத்துவமனை அமைத்தார். செபம் போன வீட்டில் இருந்தவனுக்குக் கட்டிலும் மருந்தும் வேண்டியிருந்தன.

வீட்டுக்குள் வேறொரு வாசிப்பு நடந்துகொண்டிருந்தது. மாந்தம், கணை, தோசம் என்று கிழவிகள் பெயரிட்டார்கள், உரைமருந்து கொடுத்தார்கள். வசம்புக்கே 'பிள்ளை வளர்ப்பான்' என்று பெயர். இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவதும், மாற்று அறிவு என்று கொண்டாடுவதும் நம் இரு சாராரின் சோம்பேறித்தனம். அவர்கள் பிள்ளையைத் தொட்டுப் பார்த்தார்கள். தவறியபோது பிள்ளைகள் செத்தும் போயின.

மருத்துவப் பார்வை எப்படி நிறுவனத்தின் உடைமையானது என்பதை 1963இல் பூக்கோ எழுதினார். எதிர்த்திசையிலும் ஒரு வரலாறு உண்டு. 1990களில் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் மருத்துவர் இல்லாத இடங்களுக்காக ஒரு முறையை வகுத்தன. பிள்ளை அழாதபோது சட்டையைத் தூக்கி ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ண வேண்டும். 2 மாதத்துக்குக் கீழே 60, ஒரு வயதுவரை 50, ஐந்து வயதுவரை 40. அதைத் தொட்டாலோ தாண்டினாலோ ஆபத்து. பால் குடிக்க முடியாமை, குடித்ததெல்லாம் வாந்தி, வலிப்பு, துவண்டு கிடத்தல் இருந்தால் எண்ணிக்கொண்டிருக்கவும் வேண்டாம், உடனே தூக்கு. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் இருவரும் எழுத்தறியாத பெண்களும் மணிகளை நகர்த்தி எண்ணும் கருவி செய்தார்கள். அங்கே கிராமப் பெண்களைப் பயிற்றுவித்து, பச்சிளம் குழந்தைகளின் சாவை 60 சதவீதத்துக்கு மேல் குறைத்ததை 1999இல் வெளியிட்டார்கள்.

இதுவும் எந்திரத்தனமான விதிதான். ஆனால் விதி திறந்து கிடக்கிறது. தாய் அதைக் கற்கலாம், கேள்வி கேட்கலாம், பக்கத்து வீட்டுக்காரிக்குச் சொல்லித் தரலாம். கைபேசியின் விதி எங்கோ ஒரு கம்பெனியின் பூட்டுக்குள் இருக்கிறது. அது தொடுவதில்லை, நாம் தட்டிய சொல்லைத்தான் வாசிக்கிறது. 2024இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவ இதழில் வந்த ஆய்வில், சாட்ஜிபிடி 100 நோய்க்கதைகளில் 83இல் சரியான கணிப்புக்கு வரவில்லை. அவை கடினமான கதைகள். எந்திரமும் அதற்குப் பின் தேறியிருக்கலாம். ஆனாலும் தவறினால் யார் பொறுப்பு?

"அப்படியானால் ஏழைத் தாய்க்கு இதுவும் வேண்டாமா?" என்று தோழர்கள் கேட்கலாம். வேண்டும். மருத்துவர் எழுதியதைப் புரிந்துகொள்ள, என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ள அது உதவும். தூக்கிக்கொண்டு ஓடுவதா வீட்டிலேயே இருப்பதா என்ற முடிவை மட்டும் அதனிடம் விடக்கூடாது. என் பயம் எந்திரத்தைப் பற்றியதைவிட அரசைப் பற்றியது. "கையில்தான் போன் இருக்கே" என்று சொல்லி இராத்திரி மருத்துவரை நிறுத்திவிடுவார்கள்.

அன்று கைபேசியைக் கவிழ்த்துவிட்டு அவளே எண்ணினாள். 62. திரும்ப எண்ணினாள், 60. பக்கத்து வீட்டு மீன் வண்டியில் தூத்துக்குடிக்குப் போனோம். நிமோனியா என்றார்கள். பிள்ளை பிழைத்துக்கொண்டது. இப்போது அவள் தெருவில் மூன்று பெண்களுக்கு மூச்சு எண்ணக் கற்றுக்கொடுத்திருக்கிறாள். இராத்திரி வண்டிக்கு இன்னும் வழியில்லை.