தமிழ்நாட்டு அரசின் நிதி நெருக்கடி (2001–2006)

சம்பளம், ஓய்வூதியம், வட்டி ஆகியவற்றுக்கே தமிழ்நாட்டு அரசின் வரவு போதாமல் போன காலகட்டமும், அதைச் சமாளிக்க எடுக்கப்பட்ட சிக்கன நடவடிக்கைகளும் இத்தலைப்பில் அடங்கும். 2001 மே மாதம் ஆட்சிக்கு வந்த அ.தி.மு.க. அரசு, அதே ஆண்டு ஆகஸ்டில் வெள்ளை அறிக்கை ஒன்றை வெளியிட்டது. நிதியமைச்சர் சி. பொன்னையன் வெளியிட்ட அந்த அறிக்கை, கஜானா காலி என்று அரசே ஒப்புக்கொண்ட ஆவணமாக இருந்தது. முந்தைய தி.மு.க. ஆட்சியின் மீதான குற்றப்பத்திரிகையாகவும் அதுவே பயன்பட்டது. அரசு ஊழியர் வேலைநிறுத்தம், டாஸ்மாக்கின் மதுச் சில்லறை விற்பனை, புதிய ஓய்வூதியத் திட்டம், அரியலூர் மாவட்டக் கலைப்பு எல்லாம் இந்தக் காலகட்டத்தைச் சேர்ந்தவை.

பின்னணி

மத்திய அரசின் ஐந்தாவது ஊதியக் குழுவைப் பின்பற்றி, மாநில ஊழியர்களின் சம்பளமும் 1990களின் பிற்பகுதியில் திருத்தப்பட்டது. முன்தேதியிட்டுக் கணக்கிட்டதால் நிலுவைத் தொகையும் சேர்ந்துகொண்டது. அதே நேரத்தில் தொழில் மந்தத்தால் விற்பனை வரி எதிர்பார்த்தபடி வளரவில்லை. மத்திய வரிகளில் மாநிலங்களுக்குப் பிரித்துத் தரும் தொகையில் தமிழ்நாட்டின் பங்கு, பத்தாவது நிதிக் குழுவின் காலத்தில் 6.637 விழுக்காடாக இருந்தது. பதினோராவது குழு 2000ஆம் ஆண்டு முதல் அதை 5.385 ஆகக் குறைத்தது. 1999–2000ல் வருவாய்ப் பற்றாக்குறை சுமார் 4,400 கோடி ரூபாய். வறட்சியும் சேர்ந்த 2002–03ல் அது 4,850 கோடியைத் தொட்டது. பாலமோ பள்ளிக் கட்டடமோ கட்டுவதற்காக வாங்கும் கடன் வேறு. இங்கே சம்பளப் பட்டியலுக்கே கடன் வாங்க வேண்டியிருந்தது.

மாநில அரசால் நோட்டு அச்சடிக்க முடியாது. மத்திய அரசுக்குத் தர வேண்டிய கடன் நிலுவையில் இருக்கும் வரை, அரசமைப்புச் சட்டத்தின் 293ஆம் பிரிவின்படி, அதன் சம்மதமின்றிப் புதிதாகக் கடன் வாங்கவும் முடியாது. ரிசர்வ் வங்கி தரும் வழிவகை முன்பணத்துக்கும் வரம்பு உண்டு. ஆகவே வரவு சுருங்கினால் செலவைத்தான் பிடிக்க வேண்டும். வட்டியிலும் ஓய்வூதியத்திலும் கை வைக்க இயலாது என்பதால், ஓர் அரசாணையால் நிறுத்தக்கூடியவற்றின் மீதே வெட்டு விழுந்தது.

சிக்கன நடவடிக்கைகள்

2001 செப்டம்பரில், ஜெயலலிதா முதலமைச்சராகப் பதவியேற்றது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் 2002 மார்ச் வரை ஓ. பன்னீர்செல்வம் முதலமைச்சராக இருந்தார். கசப்பான அறிவிப்புகளில் பல அவருடைய அந்த இடைக்காலத்தில் வந்தவை. பேருந்துக் கட்டணம் உயர்ந்தது. 2001 நவம்பர் 29 நாளிட்ட, ஊழியர் வட்டாரத்தில் ‘212’ என்ற எண்ணாலேயே அறியப்பட்ட அரசாணை, பெரும்பாலான காலியிடங்களை நிரப்பத் தடை விதித்தது. ஓய்வுபெற்றவரின் நாற்காலி காலியாகவே கிடந்தது. பக்கத்து நாற்காலிக்காரர் இரண்டு வேலையையும் சேர்த்துப் பார்த்தார். ஈட்டிய விடுப்பைச் சரண்டர் செய்து பணம் பெறுவது நிறுத்தப்பட்டது. போனசும் வெட்டப்பட்டது. மாத வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டிய குடும்பங்களின் ரேஷன் அட்டையில் ‘எச்’ முத்திரை விழுந்தது. கையில் அட்டை இருந்தது, கடையில் அரிசி கிடைக்கவில்லை.

1997ல் வேலைக்கு எடுக்கப்பட்டு, சாலையோரப் புதர் வெட்டுவது, பள்ளம் நிரப்புவது போன்ற பணிகளைச் செய்துவந்த சுமார் பத்தாயிரம் சாலைப் பணியாளர்கள் 2002 செப்டம்பரில் நீக்கப்பட்டனர். 2006 பிப்ரவரியில் திரும்ப எடுக்கப்பட்டார்கள். இடைப்பட்ட 41 மாதத்தைப் பணிக்காலமாகக் கணக்கிட வேண்டும் என்ற அவர்களது கோரிக்கை அதற்குப் பின்னரும் பல ஆண்டுகள் ஓயவில்லை.

அரியலூர் மாவட்டம்

திருச்சி மாவட்டத்திலிருந்து 1995ல் பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. அதிலிருந்து 2001 ஜனவரி 1 அன்று அரியலூர் தனி மாவட்டமானது. அதன் ஆயுள் பதினைந்தே மாதம். 2002 மார்ச் 31 அன்று, நிதியாண்டின் கடைசி நாளில், அது மீண்டும் பெரம்பலூருடன் இணைக்கப்பட்டது. உண்டாக்கியது தி.மு.க. அரசு, கலைத்தது அ.தி.மு.க. அரசு என்பதால், காரணம் சிக்கனமா அரசியலா என்று கேட்டால் இரண்டையும் ஒதுக்கிவிட முடியாது.

அரியலூருக்குக் கிழக்குப் பக்கத்தில் உள்ள விக்கிரமங்கலம் போன்ற ஊர்கள் இருந்த இடத்தைவிட்டு அசையாமலே, 1995 முதல் 2007 வரை நான்கு முறை மாவட்டம் மாறின: திருச்சியிலிருந்து பெரம்பலூர், பிறகு அரியலூர், மறுபடி பெரம்பலூர், மறுபடி அரியலூர். வருமானச் சான்றும் சாதிச் சான்றும் வட்ட அலுவலகத்தோடு முடிந்துவிடும். இணைப்புக் காலத்தில், திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் மனு கொடுப்பதுதான் சிரமமாக இருந்தது. அரியலூர் வரை வந்து, அதையும் தாண்டி, ரயில் பாதையே இல்லாத பெரம்பலூருக்குப் பேருந்து பிடிக்க வேண்டியிருந்தது. ஒரு நாள் கூலி போனது.

இந்த இணைப்பால் பெரிதாக மிச்சமாகியிருக்க வழியில்லை. மாவட்ட நிர்வாகத்தின் பெருஞ்செலவு சம்பளம். அலுவலகத்தை மூடினாலும் நிரந்தர ஊழியர் வேறு அலுவலகத்தில் அதே சம்பளத்தை வாங்குவார். கார், வாடகை, சில உயர் பதவிகள் ஆகியவையே மிஞ்சும். அந்த மிச்சத்துக்கு, மனுவும் கையுமாக அலைந்த மக்களின் பேருந்துக் கட்டணமும் கூலி இழப்பும் விலையானது. அரசின் கணக்கில் அது ஏறாது. 2007 நவம்பர் 23 அன்று தி.மு.க. அரசு அரியலூரை மீண்டும் தனி மாவட்டமாக்கியது.

2003 வேலைநிறுத்தம்

பறிக்கப்பட்ட சலுகைகளைத் திரும்பக் கேட்டு அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் 2003 ஜூலை 2 அன்று காலவரையற்ற வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அரசு ‘டெஸ்மா’ எனப்பட்ட அத்தியாவசியப் பணிகள் சட்டத்தைத் திருத்தி, சுமார் 1.7 லட்சம் பேரை ஒரே வீச்சில் பணிநீக்கம் செய்தது. தலைவர்கள் கைதானார்கள், இடத்தை நிரப்பத் தற்காலிக ஆட்கள் வந்தார்கள். மார்க்சிஸ்ட் கட்சித் தலைவர் டி.கே. ரங்கராஜன் தொடுத்த வழக்கில் ஆகஸ்ட் 6 அன்று உச்ச நீதிமன்றம், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையோ தார்மீக உரிமையோ இல்லை என்றது. மன்னிப்புக் கடிதமும் உறுதிமொழியும் எழுதிக் கொடுத்தே பெரும்பாலோர் பணிக்குத் திரும்பினர்.

மீட்சி

2004 மக்களவைத் தேர்தலில் அ.தி.மு.க. கூட்டணி மாநிலத்தில் ஓர் இடத்தையும் பெறவில்லை. முடிவு வந்த சில நாட்களிலேயே ‘எச்’ அட்டை, விவசாயத்துக்கு விதிக்கப்பட்ட மின் கட்டணம் உட்படப் பல நடவடிக்கைகள் வாபஸ் ஆயின. அதற்குள் பொருளாதாரம் தானாகவே எழத் தொடங்கியிருந்தது. வரி வசூல் கூடி, 2005–06ல் வருவாய்க் கணக்கு உபரியில் முடிந்தது. சிக்கனத்தால் வந்த உபரி என்று அதைச் சொல்வது பாதி உண்மைதான்.

மக்களும் ஊழியர்களும் எதிர்த்துக் கூச்சலிட்ட வெட்டுகள் இப்படித் திரும்பப் பெறப்பட்டுவிட்டன. நிலைத்து நின்றவை வேறு. 2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பங்களிப்பு ஓய்வூதியம் என்று ஆனது. அப்போது வேலைக்கே வராதவர்கள் எதிர்த்துக் குரல் கொடுக்க முடியாது. வருவாய்ப் பற்றாக்குறைக்கு எல்லை கட்டும் நிதிநிலைப் பொறுப்புடைமைச் சட்டமும் அதே ஆண்டில் வந்தது. 2003 நவம்பர் 29 முதல், 1983ல் மொத்த வியாபாரத்துக்காகத் தொடங்கப்பட்ட டாஸ்மாக் நிறுவனம் மதுவின் சில்லறை விற்பனையையும் கையில் எடுத்தது. 2003–04ல் மதுவால் வந்த வரி வருவாய் சுமார் 3,640 கோடி ரூபாய், 2020–21ல் 33,800 கோடி. எதிர்க்கட்சியாக இருக்கையில் மதுவிலக்கு பேசும் கட்சிகள் ஆட்சிக்கு வந்ததும் தயங்குவதற்கு இந்த எண்களே விளக்கம்.

2020–21ல் மீண்டும்

கொரோனா ஊரடங்கில் வரவு சட்டென வறண்டபோது பழைய பட்டியலே தூசி தட்டப்பட்டது: அகவிலைப்படி முடக்கம், விடுப்புச் சரண்டர் நிறுத்தம், பெட்ரோல் டீசல் வரி உயர்வு. 2020 மே 7 அன்று மதுக்கடைகள் திறந்தன. உயர் நீதிமன்றம் மறுநாளே மூடச் சொல்ல, உச்ச நீதிமன்றம் சென்று தடை வாங்கி, அரசு மறுபடி திறந்தது. ஓய்வு வயது 58லிருந்து 59 ஆகவும், 2021ல் 60 ஆகவும் உயர்ந்தது. ஓய்வுக்காலப் பணப்பலன்களை இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போட்ட அந்த முடிவின் சுமை, தேர்வு எழுதிக் காத்திருந்த இளைஞர்கள் மேல் விழுந்தது. 2020–21ன் வருவாய்ப் பற்றாக்குறை சுமார் 62,000 கோடி ரூபாய். 2021 ஆகஸ்ட் 9 அன்று நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் கடன் இருப்பதாகக் கணக்குச் சொன்னது.

ஆனால் இம்முறை எந்த மாவட்டமும் கலைக்கப்படவில்லை. அதே 2020 டிசம்பர் 28 அன்று, நாகப்பட்டினத்திலிருந்து பிரிந்த மயிலாடுதுறை, மாநிலத்தின் 38ஆவது மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. சட்டமன்றத் தேர்தலுக்கு அப்போது சில மாதங்களே இருந்தன.