72 மணித்தியாலமும் 39 வருசமும்

அவசர கருத்தடைக் குளிசையை ஏதோ நேற்று வந்த சாமான் மாதிரித்தான் எங்களில் கனபேர் நினைக்கிறம். ஆனால் அதுக்கு அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கு. மருந்து எப்பவோ கண்டுபிடிச்சாச்சு. பெண்களின்ர கைக்கு வரத்தான் காலம் எடுத்தது.

1960களில் நெதர்லாந்தில், பாலியல் வன்முறைக்கு உள்ளானவர்களுக்கு வைத்தியர்கள் கூடிய அளவில் ஈஸ்ட்ரோஜன் கொடுத்தார்கள். கர்ப்பம் தடுக்கப்பட்டது, ஆனால் சத்தியும் குமட்டலும் மோசம். 1974இல் கனடா வைத்தியர் அல்பேர்ட் யூஸ்பே, வழமையான கருத்தடைக் குளிசைகளில் இருக்கிற ஹோர்மோன்களையே உறவுக்குப் பிறகு கொடுக்கும் முறையை வெளியிட்டார். அதாவது, மருந்து ஏற்கெனவே பாமசியில் இருந்தது. அதை இப்படியும் பாவிக்கலாம் எண்ட விசயம்தான் பெண்களுக்குப் போய்ச் சேரேல்லை.

1998இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு, லெவோநோர்ஜெஸ்ட்ரல் என்ற ஒற்றை ஹோர்மோன் யூஸ்பே முறையைவிட நல்லது, குமட்டலும் குறைவு என்று காட்டியது. 24 மணித்தியாலத்துக்குள் எடுத்தபோது, ஏற்பட்டிருக்கக்கூடிய கர்ப்பங்களில் 95 வீதம் தடுக்கப்பட்டது. 49 முதல் 72 மணித்தியாலத்துக்குள் எடுத்தபோது அது 58 வீதம்.

ஏன் இந்த அவசரம்? விந்தணு பெண்ணின் உடலில் ஐந்து நாள்வரை உயிரோடு இருக்கும். குளிசை செய்யிற வேலை, முட்டை வெளிவருவதைப் பிந்த வைப்பது. முட்டை வெளிவந்த பிறகு அதால பெரிசா ஒண்டும் செய்ய ஏலாது. ஏற்கெனவே தங்கிய கர்ப்பத்தை அது கலைக்காது. "கருக்கலைப்புக் குளிசை" எண்டு சொல்லுறது பிழை.

அமெரிக்காவில் 1999இல் இந்தக் குளிசைக்கு அனுமதி கிடைத்தது, ஆனால் வைத்தியரின் துண்டு வேணும். 2006இல் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் துண்டு தேவையில்லை என்றார்கள். 2011இல் வயதெல்லையை எடுக்க மருந்து நிர்வாகமே தயாரானபோது, சுகாதாரச் செயலாளர் தடுத்தார். பிறகு வழக்கு, தீர்ப்பு. 2013இல்தான் வயதெல்லை போனது. யூஸ்பேயின் கட்டுரையிலிருந்து எண்ணினால் 39 வருசம்.

இலங்கையில் துண்டு இல்லாமலே பாமசியில் வாங்கலாம். எங்களுக்கு மிச்சமிருக்கிற தடை வெட்கம். பாமசிக்காரர் என்ன நினைப்பாரோ எண்டு ஒரு நாள் தள்ளிப்போட்டால், அந்த நாளும் 72 மணித்தியாலத்தில்தான் கழியும்.