ஜப்பானின் பனிநாட்டில் கூரை பராமரிப்பு: குளிர்காலப் பணிகளின் வரலாறு

ஜப்பானின் ஹொன்ஷு தீவில் ஜப்பான் கடலை நோக்கி அமைந்த கரையோரப் பகுதிகளும், அவற்றை ஒட்டிய மலைப்பகுதிகளும் பனிநாடு (ஜப்பானிய மொழியில் யுகிகுனி) எனப்படுகின்றன. நீகதா, தொயாமா, யமகதா, அகிதா ஆகிய மாகாணங்களும் கிஃபு, ஃபுகுஷிமா மாகாணங்களின் மலைப்பகுதிகளும் இதில் அடங்கும். குளிர்காலத்தில் கூரை மீது சேரும் வெண்பனியை ஆட்கள் ஏறி அகற்றும் வேலை யுகிஒரோஷி, அதாவது பனி இறக்குதல், என்று அழைக்கப்படுகிறது. பனிநாட்டில் கூரை ஒருமுறை கட்டி முடித்துவிடும் பொருளாக இருந்ததில்லை. ஆண்டுதோறும் அதன் மேல் ஏறி உழைக்க ஆள் இருக்கிறார் என்ற நம்பிக்கையிலேயே அது கட்டப்பட்டது. அந்த உழைப்பை யார் தந்தனர், அது குறைந்தபோது என்ன நேர்ந்தது என்பதே இப்பணியின் வரலாறு.

பனியும் எடையும்

குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து வீசும் குளிர்ந்த காற்று, ஒப்பளவில் வெதுவெதுப்பான ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொள்கிறது. ஹொன்ஷுவின் நடுவிலுள்ள மலைத்தொடர்களில் மோதி மேலெழும்போது அந்த ஈரம் பனியாகக் கொட்டுகிறது. நீகதா மாகாணத்தின் தகதா நகரில் 1945 பிப்ரவரி 26 அன்று தரையில் 377 சென்டிமீட்டர் பனி கிடந்தது. மக்கள் நெருங்கி வாழும் ஒரு நகரில் பதிவான அளவு இது.

புதிதாக விழுந்த பனி பஞ்சு போன்றது. ஒரு கன மீட்டர் 50 முதல் 150 கிலோகிராம் வரை எடையிருக்கும். நாட்கள் செல்லச் செல்ல அது இறுகி, 300 கிலோகிராமையும் தாண்டுகிறது. 100 சதுர மீட்டர் கூரை மீது இறுகிய பனி ஒரு மீட்டர் உயரம் கிடந்தால், வீடு ஏறத்தாழ 30 டன் சுமையைத் தாங்கியாக வேண்டும். ஈரப்பனியாக இருந்தால் சுமை இன்னும் கூடும். கூரையின் ஒரு பக்கத்தில் மட்டும் பனியை அகற்றி மறுபக்கத்தை விட்டுவிட்டால், சுமை சமமின்றிப் போய்ச் சட்டகம் கோணும். அதனால் இரு சரிவுகளையும் மாற்றி மாற்றிக் குறைப்பதே தொழில் அறிந்தவர்களின் முறை.

எடோ காலம்: பனியைத் தோண்டுதல்

இப்பணி குறித்த முக்கியமான பழைய பதிவு சுசுகி போகுஷி (1770–1842) எழுதிய ஹொகுயெட்சு செப்பு என்ற நூலில் உள்ளது. இன்றைய நீகதா மாகாணத்தின் ஷியோசவா ஊரில் வணிகராக வாழ்ந்த அவர், பனியறியாத எடோ நகர மக்களுக்குத் தம் நாட்டைப் புரியவைக்க இந்நூலை எழுதினார். அதன் முதற்பகுதி 1837இல் வெளிவந்தது.

தம் ஊரில் பனியைப் பெருக்குவதில்லை, மண்ணைத் தோண்டுவதுபோல் தோண்டுகிறார்கள் என்கிறார் போகுஷி. அதற்குப் பயன்பட்ட மரவாரியின் பெயர் கொசுகி. பீச் மரத்தில் செய்யப்பட்ட அது எளிதில் உடையாதது. பனியைத் தோண்டாவிட்டால் வழி அடைபடும், உறுதியான வீடும் நொறுங்கும் என்று அவர் காரணம் காட்டுகிறார்.

வேலையை யார் செய்தனர் என்பதையும் அவர் பதிந்துள்ளார். பெரிய வீட்டார் தம் பணியாட்கள் போதாதபோது கூலிக்குத் தோண்டுவோரை அமர்த்தி, பல பத்துப் பேரைக் கொண்டு ஒரே வேளையில் முடித்தனர். வேலை பாதியில் இருக்கும்போது மீண்டும் பெரும்பனி பெய்தால் மனித சக்திக்கு மீறிவிடும் என்பதால் இந்த அவசரம். கூலி கொடுக்க இயலாத ஏழைக் குடும்பங்களில் ஆண், பெண் அனைவரும் தாமே தோண்டினர். கூரைப் பனி அகற்றுவது அக்காலத்திலேயே ஒரு பகுதியினருக்குக் கூலித்தொழிலாகவும், மற்றவர்க்குத் தவிர்க்க முடியாத வீட்டுவேலையாகவும் இருந்தது.

கூட்டுழைப்பும் புல்வேய்ந்த கூரையும்

கிஃபு மாகாணத்தின் ஷிரகவாகோ, தொயாமா மாகாணத்தின் கொகயாமா ஆகிய மலைக்கிராமங்களில் வீட்டின் வடிவமே பனிக்கு ஏற்ப அமைந்தது. கஷ்ஷோ எனப்படும் இவ்வீடுகளின் கூரை ஏறத்தாழ 60 பாகை சரிவுடையது. கூரையின் மேற்சட்டகத்தில் ஆணி கிடையாது. மரங்கள் வைக்கோல் கயிற்றாலும் முறுக்கிய இளங்கிளைகளாலும் கட்டப்பட்டதால், பனியின் சுமையிலும் காற்றிலும் அவை சற்றே அசைந்து கொடுத்தன. ஷிரகவாகோவில் இரு சரிவுகளும் கிழக்கும் மேற்கும் நோக்கும்படி வீடுகள் வரிசையாக அமைந்ததால், வெயில் இருபுறமும் பட்டுப் பனி உருகியது. உள்ளே எரியும் அடுப்பின் புகை, கயிற்றையும் புல்லையும் பூச்சியிலிருந்து காத்தது.

இவ்வளவு செங்குத்தான கூரையிலும் பனி முழுவதும் தானாக விழுந்துவிடுவதில்லை. குளிர்காலத்தில் ஏறி இறக்க வேண்டியிருந்தது. சரியும் பனி புல்லைப் பிடுங்கிச் செல்லும் இடங்களில் பின்னர் புதுப் புல் செருகப்பட்டது. சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறை கூரை முழுவதும் மாற்றப்பட்டது. இலையுதிர்காலத்தில் அறுத்த புல்லைக் குளிர்காலம் முழுவதும் காத்து வைத்து, பனி உருகியபின் வேய்ந்தனர். ஒரு பெரிய சரிவை ஓரிரு நாளில் முடிக்க 100 முதல் 200 பேர் வரை கூடினர். யுய் எனப்பட்ட இம்முறையில் கூலி இல்லை. யார் எத்தனை நாள் வந்தனர், எவ்வளவு புல்லும் கயிறும் தந்தனர் என்பது குறிப்பேட்டில் எழுதப்பட்டு, அவர்கள் வீட்டுக் கூரைக்கு முறை வரும்போது திருப்பித் தரப்பட்டது. இக்கிராமங்கள் 1995இல் யுனெஸ்கோ உலக மரபுக்களங்களாக அறிவிக்கப்பட்டன.

குளிர்காலத்தில் வெளியூர் சென்ற வேய்வோர்

எல்லாக் கூரைத் தொழிலாளரும் குளிர்காலத்தில் சொந்த ஊரில் இருக்கவில்லை. ஃபுகுஷிமா மாகாணத்தின் மேற்கிலுள்ள அய்சு பகுதியில், வயல்கள் பனியில் புதையும் மாதங்களில் உழவர்களுக்கு வேலையில்லை. அப்போது மலைக்கு மறுபுறமுள்ள கன்தோ சமவெளியில் வறண்ட, மழை குறைந்த பருவம். கூரை வேய ஏற்ற காலம் அதுவே. அய்சு உழவர்கள் அறுவடை முடிந்ததும் கருவிகளுடன் அங்கு சென்று, வீடு வீடாகக் கூரை வேய்ந்து வசந்தத்தில் உழவுக்குத் திரும்பினர். அய்சு கயதே என்ற பெயர் அவர்களுக்கு வழங்கியது. ஒரே மலைத்தொடரின் ஒருபுறம் பனி வேலையைப் பறித்தது, மறுபுறம் வறட்சி வேலை தந்தது.

தகரக் கூரையும் வெளியேறிய ஆண்களும்

இரண்டாம் உலகப்போருக்குப் பின் கூரைப் புல் வளர்த்த பொதுநிலங்கள் குறைந்தன. தீ விபத்து அச்சமும் இருந்தது. பல வீடுகளில் புல்லை அகற்றாமலே அதன் மேல் துத்தநாகம் பூசிய தகரத்தைப் போர்த்தினர். தகரத்தில் பனி எளிதாகச் சரிந்தது, ஆனால் ஏறி நிற்பவரின் காலும் அதே எளிதில் வழுக்கியது. மரவாரியின் இடத்தை உலோக வாரிகளும், இரு கைகளாலும் தள்ளும் பெரிய தட்டுவாரியும் பிடித்தன. தாய்மாரும் கையாளலாம் என்ற பொருளில் அத்தட்டுவாரி மாமாசான் டம்ப் எனப் பெயர் பெற்றது.

அப்பெயரில் ஒரு சமூக மாற்றமும் தெரிகிறது. 1950களின் நடுவில் தொடங்கிய பொருளாதார வளர்ச்சிக் காலத்தில், பனிநாட்டு ஆண்கள் குளிர்காலந்தோறும் தோக்கியோ போன்ற நகரங்களின் கட்டுமான வேலைக்குப் போயினர். கூரை மீது ஏறும் பொறுப்பு பெண்கள் மீதும் முதியோர் மீதும் விழுந்தது. 1963 சனவரியில் பெய்த பெரும்பனியில் 200க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதற்கு முந்தைய ஆண்டு, 1962இல், பெரும்பனிப் பகுதிகளுக்கான தனிச் சட்டம் இயற்றப்பட்டிருந்தது. ஜப்பானின் நிலப்பரப்பில் ஏறத்தாழ பாதி இச்சட்டத்தின் கீழ் வருகிறது.

சட்டம் எழுதிய கணக்கு

ஜப்பானின் கட்டடச் சட்டம் 1950இல் வந்தது. அதன் நடைமுறை ஆணையின் 86ஆவது விதி, கட்டடம் தாங்க வேண்டிய பனிச்சுமையைக் கூறுகிறது. பனி இறக்கும் வழக்கமுள்ள ஊர்களில், ஒரு மீட்டருக்கு மேல் பனி சேருமிடத்திலும் ஒரு மீட்டர் வரை குறைத்துக் கணக்கிட அவ்விதி இடம் தருகிறது. அவ்வாறு குறைத்துக் கட்டிய கட்டடத்தின் வாயிலில் அத்தகவலை எழுதி வைக்க வேண்டும். தூண்களையும் விட்டங்களையும் பருமனாக்கும் செலவு இதனால் மிச்சமாகிறது. ஆனால் கூரை மீது ஏற ஆள் இருப்பார் என்பதை அந்தக் கணக்கு எடுத்துக்கொண்டுவிடுகிறது.

அந்த ஆள் இல்லாமற்போனதன் விளைவு 2005–06 குளிர்காலத்தில் வெளிப்பட்டது. நீகதாவின் சுனான் ஊரில் 2006 பிப்ரவரியில் பனி 416 சென்டிமீட்டரை எட்டியது. நாடு முழுவதும் 152 பேர் இறந்தனர். அவர்களில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் பனி அகற்றும்போது இறந்தவர்கள். மூன்றில் இரு பங்கினர் 65 வயது கடந்தவர்கள். கூரையிலிருந்து விழுதல், சரியும் பனியில் புதைதல், தனியே உழைக்கையில் மாரடைப்பு ஆகியவை இத்தகைய மரணங்களின் வழக்கமான காரணங்கள்.

இன்றைய நிலை

பாதுகாப்பு நெறிகள் இன்று தெளிவாக உள்ளன. தனியாக ஏறக்கூடாது. ஏணியைக் கட்டி நிறுத்த வேண்டும். இடுப்பு அல்லது உடல்வாரை முகட்டைக் கடந்து மறுபுறம் கட்டிய கயிற்றுடன் பிணைக்க வேண்டும். கால் வழுக்காதிருக்கக் கூரை மேல் மெல்லிய பனிப்படலத்தை விட்டுவைக்க வேண்டும். வெயில் ஏறி வெப்பம் கூடும் நாளில் கூடுதல் கவனம் தேவை. கூலிக்கு உழைப்போரைப் பொறுத்தவரை, 2 மீட்டருக்கு மேல் வேலை செய்யும்போது விழாமல் காப்பது முதலாளியின் சட்டக் கடமை. தம் வீட்டுக் கூரையில் தாமே ஏறும் முதியவருக்கு அத்தகைய முதலாளி யாருமில்லை.

இதனால் பனி தானே சரியும் கூரை, வெப்பத்தால் உருக்கும் கூரை, முழுச் சுமையையும் தாங்கும் கூரை என மூவகை வீடுகள் பெருகியுள்ளன. பழைய வீடுகளில் வாழ்வோருக்குக் கட்டுமான நிறுவனத்தார் குளிர்கால வேலையாகப் பனி இறக்குகின்றனர். தனித்து வாழும் முதியோரின் செலவில் ஒரு பகுதியைப் பல ஊராட்சிகள் ஏற்கின்றன. நகரத்து இளைஞர்களுக்குக் கயிறு கட்டவும் வாரி பிடிக்கவும் கற்றுத்தரும் பயிற்சி முகாம்களும் நீகதாவில் நடைபெறுகின்றன. போகுஷி காலத்தில் கூலியாட்களும் குடும்பமும், ஷிரகவாகோவில் ஊரும் செய்த வேலைக்கு இன்று தேவைப்படும் கைகள் இவ்வாறு தொலைவிலிருந்து திரட்டப்படுகின்றன. உரிமையாளர் வெளியூர் சென்று பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்கோ அதுவும் வாய்ப்பதில்லை. அவற்றின் கூரைகள் பனியின் சுமையில் சரிந்து விழுகின்றன.