இருளே சான்று: உயிருள்ள செல்லில் புரத இணைவைக் கண்டறிந்த உடனொளிர்வு முறைகளின் வளர்ச்சி

முன்னுரை

ஒரு மரபணுவை இயக்குவதாயினும் பழுதுபட்ட டி.என்.ஏ.வைச் சரிசெய்வதாயினும், செல்லின் பெரும்பாலான பணிகளைப் புரதங்கள் கூட்டாகவே செய்கின்றன. எந்தப் புரதம் எதனோடு சேர்கிறது என்பதை அறிய, நெடுங்காலம் செல்லை உடைத்துச் சாறெடுத்தே ஆராய்ந்தார்கள். சாறெடுத்ததும் இட அமைப்பு கலைந்துவிடும். உட்கருவில் இருந்ததும் வெளியே இருந்ததும் ஒரே குழாயில் கலந்து, செல்லுக்குள் சந்தித்தே இராத புரதங்கள்கூட ஒட்டிக்கொள்ளும். செல் உயிரோடிருக்கும்போதே இணைவை அதன் இடத்தில் காண முயன்ற வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. ஒளியைக் கூட்டியதைக் காட்டிலும், ஒளி எங்கே தோன்றக் கூடாது என்பதை வரையறுத்ததே இத்துறையை முன்னேற்றியது என்பது இதன் வாதம்.

பிளந்த புரதம் மீண்டும் சேர்தல்

இதன் வேர் உடனொளிர்வில் இல்லை, ஒரு நொதியில் இருக்கிறது. 1958இல் யேல் பல்கலைக்கழகத்தின் ஃபிரெடரிக் ரிச்சர்ட்ஸ், ரிபோநியூக்ளியேஸ் நொதியை வேறொரு நொதியால் வெட்டினார். 20 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு துண்டும் எஞ்சிய பெருந்துண்டும் தனித்தனியே செயலற்றுக் கிடந்தன. இரண்டையும் கலந்ததும், அறுந்த பிணைப்பு ஒட்டாமலே நொதியின் செயல் திரும்பியது. ஒரு புரதத்தைப் பிளக்கலாம், துண்டுகள் அருகில் வந்தால் அது மீண்டும் இயங்கும் என்பது அன்றே தெளிவாயிற்று.

1989இல் ஸ்டான்லி ஃபீல்ட்ஸும் ஓக்-கியு சாங்கும் ஈஸ்ட் செல்லில் இந்த வழியைப் பின்பற்றினர். மரபணுவை இயக்கும் ஒரு புரதத்தை இரண்டாகப் பிரித்து, சோதிக்க வேண்டிய இரு புரதங்களோடு இணைத்தனர். அவை சேர்ந்தால் மரபணு இயங்கும். 1994இல் யோன்சனும் வார்ஷாவ்ஸ்கியும் யுபிகுவிட்டின் புரதத்தைப் பிளந்து இதே வழியில் சென்றனர். இணைவு நடந்ததா என்பதற்கு இம்முறைகள் விடை தந்தன. ஆனால் அவை காட்டியது இணைவின் விளைவைத்தான். நடந்த இடத்தை நேரில் காட்டவில்லை.

தூரத்தை அளந்த ஒளி

இணையாக இன்னொரு மரபும் வளர்ந்தது. ஒளியை ஏற்ற ஒரு மூலக்கூறு தன் ஆற்றலை அருகிலுள்ள மற்றொன்றுக்குக் கடத்தும் விதத்தை 1940களில் தியோடர் ஃபோர்ஸ்டர் விளக்கினார். கடத்தும் வேகம் தூரத்தின் ஆறாம் அடுக்கிற்கேற்பக் குறையும். 1967இல் ஸ்ட்ரையரும் ஹாக்லண்டும் நீளம் தெரிந்த புரோலின் சங்கிலிகளைக் கொண்டு இதை மெய்ப்பித்தனர். ஏறத்தாழ 10 நானோமீட்டருக்குள் அடங்கும் தூரங்களை அளக்க ஓர் அளவுகோல் கிடைத்தது.

அதைச் செல்லுக்குள் கொண்டுபோக, செல்லே தயாரிக்கும் ஒளிர்பொருள் தேவைப்பட்டது. 1962இல் ஒசாமு ஷிமோமுரா ஒரு சொறிமீனில் கண்ட பச்சை ஒளிர் புரதமே அது. 1992இல் டக்ளஸ் பிராஷர் அதன் மரபணுவைப் படியெடுத்தார். 1994இல் மார்ட்டின் சால்ஃபி அதைப் பாக்டீரியாவிலும் புழுவிலும் ஒளிரச் செய்தார். ரோஜர் சியென் பல நிறங்களை உருவாக்கினார். இதனால் ஆற்றல் கடத்தலை உயிருள்ள செல்லில் அளக்க முடிந்தது. ஆனாலும் அது இரு ஒளிகளின் விகிதத்தில் நேரும் சிறு மாற்றம். பின்னணி ஒளியைக் கவனமாகக் கழித்தே படிக்க வேண்டும்.

இரு மரபுகளின் சந்திப்பு

பச்சை ஒளிர் புரதம் 238 அமினோ அமிலங்களால் ஆனது. 11 பட்டைகள் சேர்ந்த ஓர் உருளை அது. 65 முதல் 67 வரையுள்ள மூன்று அமினோ அமிலங்கள் உருளையின் நடுவே தாமே வினைபுரிந்து ஒளிர்மையமாகின்றன. உருளை முழுமை பெறாவிட்டால் ஒளி இல்லை. 2000இல் கோஷ், ஹாமில்டன், ரீகன் ஆகியோர் இதைப் பிளந்து, ஒன்றையொன்று பற்றும் லூசின் ஜிப்பர்களைத் துண்டுகளில் பொருத்தினர். ஜிப்பர்கள் இணைந்தபோது பாக்டீரியா ஒளிர்ந்தது. அவை இல்லாதபோது ஒளிரவில்லை.

2002இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் சாங்-டெங் ஹூ, யூரி சினெனோவ், டாம் கெர்ப்போலா ஆகியோர் இதைப் பாலூட்டிச் செல்லுக்குக் கொண்டுவந்தனர். மஞ்சள் ஒளிர் புரதத்தை 154ஆம் அமினோ அமிலத்திற்கு அடுத்துப் பிளந்து, ஒரு துண்டை ஃபாஸ் புரதத்திலும் மறு துண்டை ஜுன் புரதத்திலும் சேர்த்தனர். நுண்ணோக்கியில் உட்கரு மஞ்சளாக ஒளிர்ந்தது. அதற்குள்ளிருந்த உட்கருமணிகள் மட்டும் கறுத்த புள்ளிகளாகத் தெரிந்தன. இணைவின் இடம் ஒரே படத்தில் பதிவாகியிருந்தது.

ஆனால் அந்த ஆய்வுக்கு வலுவூட்டியது இன்னொரு சோதனை. ஃபாஸின் லூசின் ஜிப்பர் பகுதியை நீக்கிவிட்டு அதே துண்டுகளைச் செல்லில் வைத்தார்கள். ஒளி பெரிதும் மங்கியது. முதல் படத்தின் மஞ்சள் ஒளி துண்டுகள் தாமாக ஒட்டியதால் வந்ததன்று, புரதங்கள் சேர்ந்ததால் வந்தது என்பதற்கு இதுவே ஆதாரம்.

ஒளியின் வரம்பு

இம்முறை வேகமாகப் பரவியது. 2003இல் ஹூவும் கெர்ப்போலாவும் ஒரே செல்லில் இரு இணைவுகளை இரு நிறங்களில் காட்டினர். 2004இல் ஜெர்மனி, இஸ்ரேல் ஆய்வுக் குழுக்கள் இதைத் தாவரச் செல்களில் நிறுவின. தொடக்கத்தில் ஒளிர்மையம் முதிர்வதற்காகச் செல்களைக் குறைந்த வெப்பநிலையில் வைக்க வேண்டியிருந்தது. வீனஸ் போன்ற மேம்பட்ட புரதங்களின் துண்டுகளைக் கொண்டு 2006இல் 37 டிகிரியிலேயே செய்ய முடிந்தது.

இரு வரம்புகள் எஞ்சின. உருளை ஒருமுறை மூடினால் பெரும்பாலும் திறப்பதில்லை. நொடிப்பொழுது சந்தித்துப் பிரியும் புரதங்களும் நிலையாகச் சேர்ந்தவைபோலத் தோன்றும். அளவுக்கு மீறிப் புரதம் உற்பத்தியானால், துண்டுகள் தற்செயலாக மோதியே ஒளிரக்கூடும். எளிதில் ஒளிர்வதே இம்முறையின் வலிமை. பொய்யான முடிவு புகும் வழியும் அதுவே. 2014இல் மிச்னிக் குழுவினர் அகச்சிவப்பில் ஒளிரும் ஒரு புரதத்தைப் பிளந்து, சேரவும் பிரியவும் வல்ல துண்டுகளை உருவாக்கி, முதல் வரம்பைத் தளர்த்தினர். இரண்டாவதற்குக் கருவியால் விடை கிடைக்காது. சோதனையை வகுப்பவரின் நேர்மையே விடை.

முடிவுரை

இணையும் பகுதியை மட்டும் குலைத்து, அதே அளவு புரதம் இருந்தும் ஒளி மறைகிறதா என்று பார்ப்பதே அந்த நேர்மையின் வடிவம். ரிச்சர்ட்ஸின் தனித் துண்டுகள் செயலற்றுக் கிடந்ததும், ஜிப்பர் இல்லாத பாக்டீரியா ஒளிராததும், ஜிப்பர் இழந்த ஃபாஸ் மங்கியதும் ஒரே வாதத்தின் மூன்று நிலைகள். ஒளிரும் படத்தின் பக்கத்தில் ஒளிராத படத்தையும் அச்சிடும் ஆய்வேடுதான் இணைவை நிறுவியதாகக் கொள்ளத்தக்கது.