அட்டையும் அலைவரிசையும்

‘ழ’ எழுதக் கற்றுக்கொடுப்பது எளிது. கையைப் பிடித்து நாலு தடவை சுழித்துவிட்டால் ஐந்தாவது தடவை பிள்ளையே சுழித்துவிடும். சொல்லக் கற்றுக்கொடுப்பதுதான் பாடு. நாக்கு வாய்க்குள் எப்படி மடிகிறது என்பதைக் கரும்பலகையில் எழுதிப்போட முடியாது. அதனால்தான் மூன்றாம் வகுப்பு முடித்த பிள்ளையும் ‘வாழைப்பழம்’ என்று பிழையில்லாமல் எழுதிவிட்டு ‘வாளப்பளம்’ என்று படிக்கிறது.

இந்த ஓர் எழுத்தை உரைகல்லாக வைத்துக்கொண்டு, தமிழக அரசுப் பள்ளிகள் செய்துபார்த்த இரண்டு பெரிய காரியங்களை உரசிப் பார்க்கலாம். ஒன்று, 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல். ஆசிரியர்கள் வாயில் ‘ஏபிஎல்’. மற்றது, 2019 ஆகஸ்ட் 26 அன்று தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி. முன்னதன் கருவி அட்டை, பின்னதன் கருவி திரை. ஒரே மாதிரி இல்லாத பிள்ளைகள் எல்லாரையும் எட்டவேண்டும் என்பது இரண்டுக்கும் பொதுவான ஆசை.

ஏபிஎல்லின் வேர் ஆந்திராவின் ரிஷி பள்ளத்தாக்கில் இருக்கிறது. அங்கே சுற்றுவட்டார ஓராசிரியர் பள்ளிகளுக்காக பத்மநாப ராவ், ரமா தம்பதி பாடங்களைச் சின்னச் சின்ன அட்டைகளாக உடைத்து, வரிசைப்படுத்தி, பெட்டியில் அடுக்கினார்கள். அப்போது சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் அந்த முறையை இங்கே கொண்டுவந்தார். 2007 வாக்கில் அது மாநிலம் முழுக்க, ஏறத்தாழ 37,000 பள்ளிகளில், ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரை பரவிவிட்டது.

அந்த நாள்களில் நான் பார்த்த ஒரு வகுப்பு இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. பெஞ்சு கிடையாது, பாய்தான். சுவரின் அடிப்பகுதியில் பிள்ளைகளின் உயரத்துக்குக் கறுப்பு அடித்து ஆளுக்கொரு கட்டம் பிரித்திருந்தார்கள். தாழ்மட்டக் கரும்பலகை என்று அதற்குப் பெயர். தலைக்கு மேலே குறுக்கும் நெடுக்கும் கம்பிப்பந்தல், அதில் கிளிப் மாட்டித் தொங்கும் படங்கள். ஊர்த் திருவிழாவுக்குப் போய்விட்டு நாலு நாள் கழித்து ஒரு சிறுமி வந்தாள். தன் வருகையைத் தானே குறித்தாள். சுவரில் இருந்த ஏணிப்படத்தில் விரலை வைத்து, விட்ட இடத்தைத் தேடினாள். முயல் படம், பக்கத்தில் ஓர் எண். தட்டுகள் அடுக்கியிருந்த அலமாரியில் அதே முயலைத் தேடி, அதே எண்ணுள்ள அட்டையை உருவினாள். எந்தச் சின்னம் எந்தக் குழுவுக்கு என்று பார்த்துக்கொண்டு டீச்சருக்குப் பக்கத்தில் இருந்த வட்டத்தில் போய் உட்கார்ந்தாள். எல்லாம் இரண்டு நிமிடம். “நாலு நாளா எங்கடி போன?” என்று யாரும் கேட்கவில்லை.

பழைய வகுப்பாக இருந்தால் அவள் வருவதற்குள் பாடம் நாலு பக்கம் ஓடியிருக்கும். இங்கே அட்டை அவள் விட்ட இடத்திலேயே காத்திருந்தது. செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் அப்பா அம்மாவோடு போய்வரும் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய உதவியை ஒரு பாடமுறை செய்துவிட முடியாது என்றே இன்றும் நினைக்கிறேன்.

ஆறு குழுக்கள் அதில் உண்டு. ஆசிரியரின் துணை முழுதாகத் தேவைப்படுவோர், பாதி தேவைப்படுவோர், சக மாணவர் துணையோடு படிப்போர், அதிலும் பாதித் துணை போதும் என்போர், தானே படிப்போர், மதிப்பீட்டுக்கு உட்கார்ந்திருப்போர். ஒரே பிள்ளை காலையில் ஒரு வட்டத்திலும் மத்தியானம் இன்னொரு வட்டத்திலும் இருக்கும். கெட்டிக்காரன், மக்கு என்று நிரந்தர முத்திரை குத்த அங்கே வழியில்லை.

பெற்றோருக்கு இது பிடிபடவில்லை. “புக்கும் இல்ல, வீட்டுப்பாடமும் இல்ல, பாயில உக்காந்து விளையாடிட்டு வருது” என்று சொல்லி, கடன் வாங்கியாவது மெட்ரிகுலேஷன் பள்ளியில் சேர்த்தார்கள். ஆசிரியர்களுக்கு வேறு குறை. அட்டை கிழிந்தால் புது அட்டை வராது. ஒன்று தொலைந்தால் ஏணியில் ஒரு படியே இல்லாமல் போகும். கூடவே ஆளுக்கொரு அடைவு அட்டவணை நிரப்பும் வேலை. 2012இல் முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் வந்தன. நாளடைவில் ஏபிஎல் மெலிந்து, அட்டைகள் பீரோவுக்குள் போயின.

கல்வித் தொலைக்காட்சியின் கதை இவ்வளவு நீளமில்லை. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகக் கட்டடத்தில் நிலையம்; அரசு கேபிளில் 200ஆம் எண். 2020இல் கொரோனாவால் பள்ளிகள் மூடிக்கிடந்தபோதுதான் அதற்கு உண்மையான வேலை வந்தது. நம் அரசுப் பள்ளி ஆசிரியர்களே திரையில் வந்து பாடம் எடுத்தார்கள். இதயத்தின் வால்வு திறந்து மூடுவதை எந்த அட்டையாலும் காட்ட முடியாது, திரை காட்டும். பார்வை மங்கலான பிள்ளைக்கு அட்டை மூடிய கதவு, திரையின் குரல் திறந்த கதவு. காது கேளாத பிள்ளைக்கு இதையே திருப்பிப் போட்டுக்கொள்ளலாம்.

ஆனால் அலைவரிசை யாருக்காகவும் நிற்காது. கரண்ட் போனால் பாடம் போச்சு. வீட்டில் மூன்று பிள்ளைகள், மூன்று வகுப்பு, ஒரே டிவி. அதிலும் அப்பாவுக்குச் செய்தி பார்க்கவேண்டும். அந்த மாதங்களில் பக்கத்து வீட்டுப் பையன் டிவி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பான். திரையில் ஆசிரியை “என்ன குட்டீஸ், புரிஞ்சுதா?” என்று கேட்டுவிட்டு ஒரு கணம் நிறுத்துவார். இவன் ரொம்ப மரியாதையாக “புரியல மிஸ்” என்பான். “வெரி குட்!” என்று அவர் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார். வீடே சிரித்தது. எனக்குச் சிரிப்போடு கொஞ்சம் வயிற்றெரிச்சலும் வந்தது.

இப்போது உரைகல்லுக்கு வருவோம். அட்டையில் வாழைப்பழப் படமும் எழுத்தும் இருக்கும், ஒலி இருக்காது. திரையில் ஒலி இருக்கும், நாக்கு மடிவதைப் பெரிதாக்கிக்கூடக் காட்டலாம். பிள்ளை திருப்பிச் சொல்வது அதற்குக் கேட்காது. அட்டை முறையில் கேட்கப் பக்கத்தில் ஒரு தோழன் இருக்கிறான் என்று வாதிடலாம். உண்மைதான். அவனும் ‘பளம்’ என்றுதான் சொல்வான்! ஆக ஒன்றுக்கு வாய் இல்லை, இன்னொன்றுக்குக் காது இல்லை. எழுத்தைத் தாண்டி உச்சரிப்பு என்று வந்ததும் இரண்டும் டீச்சரைத் தேடிக்கொண்டுதான் வரவேண்டும்.

கண்ணால் கற்கும் பிள்ளை, காதால் கற்கும் பிள்ளை, கையால் கற்கும் பிள்ளை என்று இனம் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கருவி கொடுத்தால் போதும் என்று ஆசிரியர் பயிற்சிகளில் சொல்லக் கேட்டிருப்போம். 2008இல் ஹெரால்ட் பாஷ்லரும் மூன்று சக உளவியலாளர்களும் இதுபற்றிய ஆய்வுகளை அலசிப் பார்த்து, இப்படிப் பிரித்துக் கற்பிப்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். பார்வைக் குறை, செவிக்குறை உள்ள பிள்ளைகளின் தேவை வேறு. அதை இதோடு சேர்க்கக் கூடாது. மற்றபடி வகுப்பில் பிள்ளைக்குப் பிள்ளை வேறுபடுவது எந்தப் படியில் நிற்கிறது என்பதில்தான். ஏபிஎல் அந்தப் படியைப் பிடித்தது. அலைவரிசை எல்லா மாவட்டத்துப் பிள்ளைகளையும் ஒரே படியில் நிறுத்திவைத்துப் பேசியது. என் ஓட்டு அட்டைக்கு.

ஆனால் திரையை அப்படியே தள்ளிவிட முடியாது. அலைவரிசையில் ஓடிய அதே பாடம் யூடியூபுக்கு வந்ததும் அதன் குணம் மாறிவிட்டது. நிறுத்தலாம், பின்னால் தள்ளலாம், நாலு நாள் கழித்துப் பார்க்கலாம். 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் பாடத்துக்குப் பாடம் அச்சிட்ட க்யூஆர் கோடும் இதே ஜாதிதான். போனில் ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கான காணொளி மட்டும் வரும். விட்ட இடத்தில் காத்திருக்கும். சொல்லப்போனால் அது ஏபிஎல் அட்டையின் பேரன், போன் வைத்திருக்கும் பேரன். போன் இல்லாத வீட்டில் அந்தக் கட்டம் வெறும் கட்டம்.

2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் இரண்டு வீட்டுச் சாயலும் தெரிகிறது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிப்பது ஏணியின் சாயல். காணொளியும் செயலி வழி மதிப்பீடும் திரையின் சாயல். பழைய அடைவு அட்டவணையின் சுமை இப்போது செயலிக்குள் போயிருக்கிறது. “மார்க் போடலாம்னா சுத்திக்கிட்டே இருக்கு சார்” என்று போனைத் தூக்கிக்கொண்டு சிக்னல் தேடி வராந்தாவுக்கு வரும் டீச்சர்களைப் பார்க்கிறேன்.

போன வருடம் ஈராசிரியர் பள்ளி ஒன்றுக்குப் போயிருந்தேன். தலைமையாசிரியர் ஏதோ கூட்டத்துக்குப் போய்விட்டதால் ஐந்து வகுப்பையும் ஒரே டீச்சர் பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய பிள்ளைகளை ஒரு பக்கம் உட்காரவைத்து, நிலாவின் பிறைகள் பற்றிய காணொளியைத் திரையில் ஓடவிட்டார். ‘அப்பாடா, ஒப்பேற்றுகிறார்’ என்றுதான் முதலில் நினைத்தேன். அவரோ அந்த இருபது நிமிடத்தில் அரும்பு நிலைப் பிள்ளைகள் மூவரைக் கூப்பிட்டுத் தன் எதிரே உட்காரவைத்துக்கொண்டார். அதில் ஒருத்தி ‘பளம்’ என்றாள். டீச்சர் வாயைத் திறந்து நாக்கைக் காட்டினார். மறுபடி ‘பளம்’. அவள் முகவாயைப் பிடித்து, “நாக்க மேல மடக்கு கண்ணு, பல்லுல படக்கூடாது” என்றார். மூன்றாம் தடவை கிட்டத்தட்ட வந்துவிட்டது. அதற்குள் காணொளி முடிந்து, “மிஸ், அடுத்தது போடுங்க!” என்று பின்னாலிருந்து கத்த ஆரம்பித்தார்கள்.