அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்கா

அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்கா இந்தியாவின் கேரள மாநிலத்தில், பாலக்காடு மாவட்டத்தில், நீலகிரி மலைகளின் தென்மேற்கு விளிம்பில் அமைந்துள்ள பசுமைமாறா மழைக்காடு ஆகும். ஆங்கிலத்தில் சைலண்ட் வேலி என அறியப்படுகிறது. பூங்காவின் மையப் பகுதி 89.52 ச.கி.மீ. பரப்புடையது. மேற்குத் தொடர்ச்சி மலையில் மனிதத் தலையீடு மிகக் குறைவாக உள்ள காடுகளுள் இதுவும் ஒன்று. எனினும் முற்றிலும் கைபடாத காடு என்று கூறுவது மிகையாகும். 20ஆம் நூற்றாண்டில் இதன் சில பகுதிகளில் தேர்ந்தெடுத்து மரம் வெட்டப்பட்டது.

பெயர்

இவ்விடத்தின் பழம்பெயர் சைரந்திரி வனம். சைரந்திரி என்பது பாரதக் கதையில் மறைந்து வாழ்ந்த காலத்தில் திரௌபதி பூண்ட பெயர். பள்ளத்தாக்கின் ஊடே பாயும் ஆறும் குந்திப்புழை எனப்படுகிறது. சிள்வண்டுகளின் ஒலி இல்லாததால் ஆங்கிலப் பெயர் வந்தது என்று பரவலாகக் கூறுவர். ஆனால் சிள்வண்டுகள் இங்கு உண்டு. சிங்கவால் குரங்கின் அறிவியற் பெயரான மக்காக்கா சிலேனசிலிருந்து மருவியது என்பது மற்றொரு கருத்து.

இயற்கைச் சிறப்பு

செங்குத்தான மலைமுகடுகள் சூழ்ந்திருப்பதால் உள்ளே செல்வது கடினம். இக்காடு தப்பியதற்கு இதுவே முதற்காரணம். மையப் பகுதியில் குடியிருப்புகள் இல்லை. இருளர், முதுகர், குறும்பர் ஆகியோர் அருகிலுள்ள அட்டப்பாடிப் பகுதியில் வாழ்கின்றனர். குந்திப்புழை தூதப்புழையுடன் சேர்ந்து பாரதப்புழையை அடைகிறது.

ஏறத்தாழ 1,000 வகைப் பூக்கும் தாவரங்கள் இங்குள்ளன. ஏலம், மிளகு ஆகியவற்றின் காட்டு உறவுகள் அவற்றுள் அடங்கும். உயரமான புல்வெளிகளில் வரையாடும், சோலைகளில் கருமந்தியும் வாழ்கின்றன.

இக்காட்டின் மதிப்பை விளங்கிக்கொள்ளச் சிங்கவால் குரங்கையும் வெடிப்பலா மரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வெடிப்பலா கிளைகளிலேயே பூத்து, முள்ளுள்ள காய்களைத் தருகிறது. பிற கனிகள் அரிதான மாதங்களில் இக்குரங்குகள் அதன் பூக்களையும் விதைகளையும் பெரிதும் நம்பியுள்ளன. இவை மர உச்சிகள் வழியாகவே நடமாடுபவை. ஆகவே காடு இடையறாது தொடர்ந்தால்தான் ஒரு கூட்டம் மற்றொன்றை அடைய முடியும். தமிழ்நாட்டில் வால்பாறை அருகே தேயிலைத் தோட்டங்களுக்கிடையே துண்டுபட்ட காட்டில் சிக்கிய கூட்டங்கள் தரையிறங்கிச் சாலையைக் கடப்பதும் வீடுகளுக்கு வருவதும் இதற்குச் சான்று.

நீர்மின் திட்டமும் எதிர்ப்பும்

சைரந்திரியில் நீர்மின் நிலையம் அமைக்கலாம் என்ற எண்ணம் 1928லேயே தோன்றியது. 120 மெகாவாட் திறனுள்ள திட்டத்திற்கு 1973இல் திட்டக்குழு ஒப்புதல் அளித்தது. மின்பற்றாக்குறை நிலவிய மலபார் பகுதிக்கு மின்சாரமும் பாசனமும் வேலைவாய்ப்பும் கிடைக்கும் என்பது அரசின் வாதம். இது புறந்தள்ளக்கூடிய வாதமன்று. நீரில் மூழ்கவிருந்த பரப்பும் சுமார் 8.3 ச.கி.மீ. மட்டுமே. ஆயினும் மூழ்கவிருந்தது ஆற்றோரக் காடு. அது போனால் இருகரைக் காடுகளும் பிரிந்துவிடும். இதற்குச் சாலைகளும் பணியாளர் குடியிருப்புகளும் கூடுதல் கேடாகும். பரப்பளவை மட்டும் கொண்டு இழப்பை அளப்பது போதாது என்பதே எதிர்த்தோரின் மையக் கருத்து.

கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் திட்டத்தின் பொருளாதாரக் கணக்கையே ஆய்வு செய்து மாற்று வழிகளை முன்வைத்தது. கவிஞர் சுகதகுமாரி, பறவையியலாளர் சாலிம் அலி முதலியோர் குரல் கொடுத்தனர். எம். ஜி. கே. மேனன் தலைமையிலான குழு 1983இல் அறிக்கை அளித்த பின்னர் திட்டம் கைவிடப்பட்டது. 1984 நவம்பர் 15 அன்று தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. 1985 செப்டம்பர் 7இல் பிரதமர் ராஜீவ் காந்தி அதைத் தொடங்கி வைத்தார்.

பின்னர்

1986இல் உருவான நீலகிரி உயிர்க்கோளக் காப்பகத்தில் பூங்கா சேர்க்கப்பட்டது. 2000களில் ஆற்றின் கீழ்ப்பகுதியில், பாத்திரக்கடவில், சிறிய அணை கட்டும் முன்மொழிவு எழுந்து மீண்டும் எதிர்ப்பைச் சந்தித்தது. 2007இல் 148 ச.கி.மீ. பரப்பைச் சூழ்பாதுகாப்பு மண்டலமாக்கக் கேரள அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 2012இல் மேற்குத் தொடர்ச்சி மலையின் உலகப் பாரம்பரியக் களத்தில் இப்பூங்காவும், இதை அடுத்துள்ள தமிழ்நாட்டின் முக்கூர்த்தி தேசியப் பூங்காவும் இடம்பெற்றன.

பார்வையாளர்கள் முக்காலியிலிருந்து வனத்துறை அனுமதித்த வாகனங்களில் சுமார் 23 கி.மீ. சென்று, முன்னர் அணைக்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்ட சைரந்திரியை அடையலாம்.