தொலைவின் விலை

பிழைப்பின் பொருட்டுப் பிறந்த ஊரை விட்டு மும்பையிலும் டில்லியிலும் கொல்கத்தாவிலும் குடியேறிய நமக்குத் தொலைபேசிக் கட்டணம் என்பது வெறும் கணக்கு அன்று; பெற்றோரின் குரலைக் கேட்பதற்கு நாம் கொடுத்த விலை அது. டிரங்க் காலுக்குப் பதிவு செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்ததை நம்முள் மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். 1960-ஆம் ஆண்டில் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே எஸ்.டி.டி. முறை தொடங்கிற்று, பின்னர் நாடெங்கும் பரவிற்று. காத்திருப்பு நீங்கியது, செலவு நீங்கவில்லை. கட்டணம் குறையும் இரவு வேளைக்காகத் தொலைபேசிக் கடைகளின் வாயிலில் வரிசையாக நின்றோம். மீட்டரில் ஓடும் எண்ணைப் பார்த்தபடியே நலம் விசாரித்தோம்.

இவ்விலை இத்துணை உயர்ந்திருந்ததற்குக் கம்பியின் நீளம் மட்டும் காரணம் அன்று. மாத வாடகையையும் உள்ளூர்ப் பேச்சின் கட்டணத்தையும் தாழ்வாக வைத்து, அதனால் நேர்ந்த குறையை நெடுந்தொலைவுப் பேச்சின் வருவாயைக் கொண்டு ஈடுசெய்து வந்தனர். அந்தச் சலுகையின் சுமையை வணிகரோடு, ஊரை விட்டு வந்த எளியவரும் சுமந்தனர். ஏகபோகம் நிலவியவரை இவ்வேற்பாடு அசையவில்லை.

1994-ஆம் ஆண்டின் தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை தனியாருக்கு வழி திறந்தது. 1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து, டில்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் செல்பேசியில் உரையாடினார். ஆயினும், வழி திறந்ததும் போட்டி தானே வந்துவிடும் என்று எண்ணுதல் தவறு. காய்கறிக் கடைக்காரர் தம் சரக்கைப் போட்டிக் கடையின் வழியே அனுப்ப வேண்டியதில்லை. தொலைபேசி நிறுவனமோ தன் வாடிக்கையாளரின் குரலைப் போட்டி நிறுவனத்தின் வாடிக்கையாளரிடம் சேர்ப்பித்தே ஆக வேண்டும். அவரை அடையும் வாயில் அந்நிறுவனத்தின் கையில் உள்ளது. அங்கே செலுத்தும் கூலியே இணைப்புக் கட்டணம். அதனை உயர்த்திப் பெரிய நிறுவனம் சிறியதை நசுக்கலாம். பெரியவை தம்முள் கூடிப் போட்டியைத் தணிக்கவும் செய்யலாம்.

பிரெஞ்சுப் பொருளியல் அறிஞர்களான ழான்-ழாக் லாஃபோன், ழான் திரோல் இருவரும் தொலைத்தொடர்பில் போட்டி குறித்து 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், இக்கட்டணத்தை எவ்வாறு வரையறுப்பது என்பது முதன்மையான வினாக்களுள் ஒன்று. சந்தை ஆதிக்கத்தையும் ஒழுங்குமுறையையும் ஆராய்ந்தமைக்காகத் திரோல் 2014-இல் நோபல் பரிசு பெற்றார்.

நம் நாட்டில் முன்னர்த் தொழில் நடத்திய இலாகாவே உரிமம் வழங்கி, விதியும் வகுத்து வந்தது. 1997-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் அமைந்தது. 2000-இல் நெடுந்தொலைவுச் சேவையிலும் போட்டிக்கு இடம் கிடைத்தது. 2003-இல், செல்பேசிக்கு வரும் அழைப்புக்குப் பெறுபவர் பணம் கொடுக்கும் வழக்கம் ஒழிந்தது. 2006-இல் அரசு நிறுவனங்கள், நாட்டின் எம்மூலைக்கும் நிமிடத்திற்கு ஒரு ரூபாய் என்னும் திட்டத்தைக் கொணர்ந்தன. செல்பேசிகளுக்கிடையேயான இணைப்புக் கட்டணம் 2009-இல் 20 பைசாவாகவும், 2015-இல் 14 பைசாவாகவும், 2017-இல் 6 பைசாவாகவும் குறைந்து, 2021 ஜனவரி முதல் அறவே நீங்கிற்று. இக்குறைப்பு புதியவருக்கே சாதகம் என்று பழைய நிறுவனங்கள் வாதிட்டதும் உண்டு.

2016-இல் புதிய நிறுவனம் ஒன்று நுழைந்தபின் விலை மேலும் சரிந்தது. பல நிறுவனங்கள் மறைந்தன, சில இணைந்தன. இன்று அரசு நிறுவனத்தை அன்றிப் பெரிய தனியார் நிறுவனங்கள் மூன்றே எஞ்சியுள்ளன. விலை குறைந்தமை கண்டு மகிழும் நாம், விற்போர் தொகை குறைந்தமையையும் கருத்தில் கொள்ளல் வேண்டும். நினைத்த பொழுதில் ஊரை அழைத்துப் பேசும் எளிமை நமக்குப் போட்டியாலும் விதியாலும் சேர்ந்தே கிடைத்தது. இவற்றுள் ஒன்று தளர்ந்தாலும், தொலைவுக்கு மீண்டும் விலை ஏறக்கூடும்.